சூழல் நெருக்கடியின் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது

உலக நாடுகளின் நிதி அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

1995இல் பெர்லினில் தொடங்கிய காலநிலை மாநாடு ஏறக்குறைய ஆண்டுதோறும் கூடிக் கலைகிறது. அந்த மேடைகளில் பதில் சொல்லும் பொறுப்பைச் சுற்றுச்சூழல் அமைச்சர்களிடம் விட்டிருக்கிறீர்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுபவருக்கு எவ்வளவு வரிவிலக்கு, நிலக்கரிக்கு எவ்வளவு மானியம், எந்த முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் நீங்கள். அதனால்தான், சூழல் நெருக்கடியின் வேர் முதலாளித்துவத்தில் இருக்கிறது என்று சொல்லும் இந்த மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

முதலாளித்துவம் என்ற சொல்லைக் கண்டதும் உங்களில் பலர் இதைக் கட்சிக்காரர் ஒருவரின் துண்டறிக்கை என்று ஒதுக்கக்கூடும். ஒதுக்காதீர்கள். நான் பேச வந்தது நீங்கள் அன்றாடம் கையாளும் வரவுசெலவைப் பற்றி. ஒரு நிறுவனம் விற்ற சரக்கின் இலாபம் அதன் கணக்கில் ஏறுகிறது. அந்தச் சரக்கைச் செய்கையில் ஆற்றில் இறங்கிய நஞ்சும் காற்றில் கலந்த புகையும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நோயாகவும் வறட்சியாகவும் வெள்ளமாகவும் வேறு யாரோ அதைக் கட்டித் தீர்க்கிறார்கள். பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920இலேயே இதை எழுதிவிட்டார். பிறர் தலையில் விழும் இத்தகைய செலவை வரியாக வசூலிக்கலாம் என்ற வழியையும் காட்டினார். நூறாண்டு கடந்துவிட்டது. பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்குக் கிடைத்த சலுகை ஏறத்தாழ 7 லட்சம் கோடி டாலர். இதில் விலையைக் குறைத்துவைக்க நேரடியாகச் செலவானது 1.3 லட்சம் கோடி. மீதியில் மிகப் பெரும்பகுதி, எரிபொருளின் விலையில் சேராமல் போன காற்று மாசும் காலநிலைச் சேதமும். அதே 2022இல் எக்ஸான் மொபில் என்ற ஒரே எண்ணெய் நிறுவனத்தின் இலாபம் 5,500 கோடி டாலருக்கும் மேல். சேதத்தின் விலை அதன் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று உங்கள் அதிகாரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனங்கள் தாமாகவே திருந்தும் என்று இன்னும் எதிர்பார்க்கிறீர்களா? எக்ஸானின் சொந்த அறிவியலாளர்கள் 1970களின் இறுதியிலேயே புவி சூடேறும் என்று மேலிடத்தை எச்சரித்தார்கள்; அவர்கள் கணித்த வெப்ப உயர்வு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நிறுவனம் அதற்குப் பிறகு செய்தது, அந்த அறிவியலின் மீதே பொதுவெளியில் ஐயம் விதைப்பது. பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பிபியையும் பாருங்கள். எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 விழுக்காடு குறைப்போம் என்று 2020இல் அறிவித்தது. 2023இல் அந்த 40 வெறும் 25 ஆனது. 2025இல் அதையும் கைவிட்டு, எண்ணெயிலும் எரிவாயுவிலும் முதலீட்டைக் கூட்டுவதாகச் சொன்னது. அதை நடத்துபவர்கள் கொடியவர்கள் என்பதால் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. போட்டி நிறுவனங்கள் எண்ணெயில் அள்ளிக்கொண்டிருந்தன, பங்குதாரர்கள் பொறுமை இழந்தார்கள். இலாபம் குறைந்தால் தலைமை மாற்றப்படும், முதலீடு வேறிடம் போகும். இந்த விதிக்குள் நல்லெண்ணம் கொண்ட ஒருவரை அமர்த்தினாலும் முடிவு அதேதான்.

மலிவான சூரிய ஆற்றல் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற வாதம் உங்கள் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. சூரியத் தகடுகளின் விலை மளமளவென்று சரிந்தது எனக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் எரிபொருள்களிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு 2024இல் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அதை விற்பவருக்கு இலாப விளிம்பு மெலிது. எண்ணெயில் அது பருத்திருக்கிறது. முதலீடு எது மலிவு என்று பார்ப்பதில்லை, எதில் அதிகம் திரும்பி வரும் என்றே பார்க்கிறது. ஆகவே புதிய ஆற்றல் பழையதன் இடத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் மேல் அடுக்கப்படுகிறது. நீராவி எந்திரம் குறைவான நிலக்கரியில் ஓடத் தொடங்கியபோது நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்று பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1865இல் சுட்டிக்காட்டியதும் இதற்கு நெருங்கிய உண்மைதான்.

ஓசோன் படலத்தைக் காப்பாற்றினோமே என்பீர்கள். ஆம், 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை மனித குலத்தின் அரிய வெற்றிகளில் ஒன்று. ஆனால் அதைச் சாதித்தது சட்டம். ஓசோனை அரிக்கும் வேதிப்பொருள்களுக்கு நாள் குறித்துத் தடை விதித்த பிறகு மாற்று வேதிப்பொருள்கள் சந்தைக்கு விரைந்து வந்தன. ஈயம் கலந்த பெட்ரோலின் கதையில் அந்த உறுதி இல்லை. 1920களில் அது விற்பனைக்கு வந்தபோதே ஈயம் நஞ்சு என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். உலகின் கடைசி நாடு அதைக் கைவிட்டது 2021இல். இடைப்பட்ட தலைமுறைகளின் குழந்தைகளுடைய மூளையில் இறங்கிய ஈயத்துக்கு எந்த நிறுவனமும் விலை கொடுக்கவில்லை.

சந்தைக்கு இடமே தராத சோவியத் ஒன்றியம் நடு ஆசியாவின் ஆரல் கடலை வற்றடித்ததே என்ற எதிர்க்கேள்விக்கு நியாயம் உண்டு. பருத்திக்காக இரண்டு ஆறுகளின் நீரைத் திருப்பி, ஒரு கடலையே பாலையாக்கினார்கள். உற்பத்தி இலக்குக்கு முன்னால் ஆற்றுக்கும் அதன் கரையில் வாழ்பவர்களுக்கும் குரல் இல்லாத எந்த ஆட்சியும் இதைச் செய்யும். ஆனால் இன்று ஏறக்குறைய முழு உலகமும் ஓடுவது இலாபத்தின் கட்டளையில். எனவே கேள்வியும் அதனிடம்தான் கேட்கப்பட வேண்டும்.

அந்தக் கட்டளைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தவர்களும் நீங்களே. நெதர்லாந்து 2030க்குள் மின் உற்பத்தியில் நிலக்கரியை நிறுத்தச் சட்டம் இயற்றியது. ஜெர்மன் மின் நிறுவனமான ஆர்டபிள்யூஇ, எரிசக்தித் துறையின் அயல்நாட்டு முதலீடுகளுக்குப் பாதுகாப்பு தரும் 1994இன் எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைக் காட்டி, 2021இல் 140 கோடி யூரோ இழப்பீடு கோரியது. பின்னர் வழக்கைத் திரும்பப் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிவிட்டது. அதே போன்ற விதிகள் கொண்ட முதலீட்டு ஒப்பந்தங்கள் இன்னும் ஏராளமாக நடப்பில் உள்ளன. ஒரு நாடாளுமன்றம் தன் மக்களைக் காக்கச் சட்டம் இயற்றினால், வராமல் போகும் இலாபத்துக்கு அந்த மக்களின் வரிப்பணத்திலிருந்தே ஈடு தர வேண்டும் என்பது எந்த நீதி? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஏழை நாடுகளின் நிலை இன்னும் கொடியது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அந்தத் தொகை 2022இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பொது நிதியின் பெரும்பகுதி கடனாகவே போனது. தான் செய்யாத சேதத்தைச் சரிசெய்ய ஒரு நாடு கடன் வாங்கி, சேதம் செய்தவர்களுக்கே அதைத் திருப்பிக் கட்டுகிறது. இதற்கு உதவி என்று பெயரிடாதீர்கள்.

2009இலேயே பிட்ஸ்பர்க்கில் கூடிய ஜி20 தலைவர்கள், திறனற்ற எரிபொருள் மானியங்களை நடுத்தரக் காலத்துக்குள் விலக்குவோம் என்று தங்கள் அறிக்கையில் எழுதி உறுதியளித்தார்கள். அந்த நடுத்தரக் காலத்துக்கு இன்றுவரை முடிவு நாள் இல்லை. நாளைக் குறியுங்கள். தொடங்கும் இடத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: அடுப்பெரிக்கவும் வேலைக்குப் போகவும் எரிபொருள் வாங்குபவரிடமிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 2018இல் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராகக் கொந்தளித்த பிரான்சின் தெருக்கள் காட்டின. முதலில் கிணறும் சுரங்கமும் தோண்டுபவர்களின் வரிச்சலுகையை நீக்குங்கள். அரசுகள் மீது வழக்குத் தொடுக்க நிறுவனங்களுக்கு வழிவிடும் ஒப்பந்தங்களிலிருந்து வெளியேறுங்கள். காலநிலைக்காகக் கொடுப்பதைக் கொடையாகக் கொடுங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில், நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் உங்கள் அரசு விட்டுக்கொடுத்த ஒவ்வொரு தொகையையும், பெற்ற நிறுவனத்தின் பெயரோடு அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வரி செலுத்தும் குடிமக்களில் ஒருத்தி