காத்திருக்க வேண்டிய இடம் முடிவுக்கோடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் சென்னை மாரத்தான் நெருங்கும்போது ஓடுபவர் என்ன சாப்பிடலாம், எந்த ஷூ வாங்கலாம் என்று நாளிதழ்களில் நிறைய படிக்கிறோம். அவருடைய கணவரோ மனைவியோ அன்று என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணில் படுவதே இல்லை. பெரும்பாலோர் முடிவுக்கோட்டில் செல்போனைப் பிடித்தபடி நிற்கிறார்கள். துணை தேவைப்படும் இடம் அதுவல்ல; 42.2 கி.மீ. ஓட்டத்தில் 28 முதல் 36 கி.மீ. வரையிலான பகுதி.

தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து பலருக்கு 30 கி.மீ.யை ஒட்டித் தீரத் தொடங்கிவிடும். நம் ஊரில் அத்துடன் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடுபவர் பாதி தூரத்தை 6.28-க்குக் கடப்பார். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய 6.30-க்குத்தான். ஆக, இரண்டாம் பாதி முழுவதும் வெயில். வேகம் குறையாவிட்டால் 30-வது கிலோமீட்டர் 7.30-க்கும் முடிவுக்கோடு 8.55-க்கும் வரும். முதல் மாரத்தானில் வேகம் குறையாதவர்கள் அரிது. அதனால் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாக அரை மணி காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

சாலைகளை அடைத்திருப்பார்கள் என்பதால் பைக்கையும் காரையும் மறந்துவிடுங்கள். மெரினா பக்கம் தொடங்கித் தெற்கே போகும் ஓட்டங்களுக்குப் பறக்கும் ரயில் நன்றாக உதவும். கலங்கரை விளக்கம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி ஆகிய நிலையங்களில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, சாலையின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். களைத்துப் போனவர் எதிர்ப்புறம் நிற்பவரைக் கவனிக்க மாட்டார்.

பையில் முதலில் ஐஸ். வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளும் ஒரு பழைய துண்டும் போதும். கடற்கரைக் காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போவதால் உடல் குளிர்வதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினாலும் பலன் குறைவு. ஐஸ் அப்படியல்ல, தொட்ட இடத்துச் சூட்டை நேரடியாக இழுத்துவிடும். துண்டில் சுற்றிப் பின்கழுத்தில் வையுங்கள், தொப்பிக்குள் நாலு கட்டி போடுங்கள்.

அடுத்தது ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவன அளவிலான பொட்டலத்தை முழு 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாட்டில் சிறியது என்று அரை லிட்டரில் கரைத்தால் குமட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களில் ஓஆர்எஸ் என்ற பெயரே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எனவே லேபிளைப் படித்து வாங்குங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரை மட்டும் நம்ப முடியாது.

சாப்பிட மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும். கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் கொழுப்பு இருப்பதால் செரிக்க நேரமாகும், வறண்ட தொண்டையில் இறங்கவும் செய்யாது. பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று கொடுக்காதீர்கள். அக்குளிலும் தொடையிலும் உராயும் இடத்துக்கு வாசலின் ஒரு டப்பா போதும். வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று 32-வது கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். இன்னும் 10 கி.மீ. இருப்பது ஓடுபவருக்குத் தெரியும். ‘அந்த சிக்னல் வரை நடங்க, அப்புறம் மெதுவா ஓடலாம்’ என்று சொன்னால் கேட்பார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். இது எத்தனையாவது கிலோமீட்டர், கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். பதில் குழறினால், கால் தள்ளாடினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. ‘நான் நில் என்றால் நிற்க வேண்டும்’ என்ற ஒப்பந்தத்தை முதல் நாள் இரவே வாங்கி வையுங்கள். அந்த நேரத்தில் வாதாடி ஜெயிக்க முடியாது. துணையாக வருபவரின் ஆகக் கடினமான வேலை இதுதான்.

குழப்பத்துக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று வெப்பத் தாக்கு. உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்றோ, நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரைப் பார்த்தோ ஆறுதல் அடையாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காமல் நிழலில் படுக்கவைத்து உடல் முழுக்க நனைத்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் ஐஸ் வையுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு பந்தலிலும் வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போவது. விரல் வீங்கி மோதிரம் இறுகும். தலைவலியும் வாந்தியும் வரும். இவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. ‘குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று மருத்துவரை நெருக்காமல், எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லுங்கள்.

முடித்ததும் உட்காரவிடாமல் 10 நிமிடம் நடக்கவையுங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். மயங்கினால் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். அன்று சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். எந்தச் சாலை எப்போது அடைபடும் என்பதோடு, குடும்பத்தினர் எங்கே நிற்கலாம், பக்கத்து ரயில் நிலையம் எது, மருத்துவக் கூடாரம் எந்தக் கிலோமீட்டரில் என்பதையும் ஒரு வாரம் முன்பே தமிழில் வெளியிடுங்கள். 25 கி.மீ.க்குப் பிறகு எல்லாப் பந்தல்களிலும் ஐஸும் ஓஆர்எஸ்ஸும் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை - 41.