வரிசையில் கிடக்கும் அஞ்சலை அனுப்பியவருக்குத் தெரிவியுங்கள்: மின்னஞ்சல் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்னஞ்சல் சர்வர் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் பயனர் ஒருவரின் கடவுச்சொல் களவுபோய், அந்தக் கணக்கிலிருந்து ஸ்பேம் கொட்டியதும், அதனால் வெளியிலுள்ள பெரிய அஞ்சல் சேவைகள் நம் சர்வரைச் சந்தேகித்து "பிறகு வா" என்று திருப்பிக்கொண்டே இருந்ததும் தாங்கள் அறிந்தவையே. நிலைமையைச் சீராக்கத் தாங்கள் பட்ட பாட்டையும் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் மனக்குறை வேறு. அந்த நாட்களில் நாங்கள் அனுப்பியவை வெளியே போகாமல் நம் சர்வரின் காத்திருப்பு வரிசையில் தேங்கிக் கிடந்ததை எங்களில் ஒருவருக்கும் தெரிவிக்கவில்லை.

மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த மாணவி ஒருவருக்காக நான் எழுதிய பரிந்துரைக் கடிதம் அவற்றுள் ஒன்று. கெடு முடியும் முன்பே அனுப்பினேன். 'அனுப்பியவை' பட்டியலிலும் அது இருந்தது. கடிதம் வரவில்லை என்று அந்தக் கல்வி நிறுவனம் மாணவியிடம் சொல்ல, அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்க, அனுப்பியாகிவிட்டது என்று நான் உறுதியாகப் பதில் சொன்னேன். இரண்டுமே உண்மை என்பதுதான் இதில் கொடுமை. கெடு கடந்தபின் கடிதம் போய்ச் சேர்ந்தது; விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்தக் கல்வி நிறுவனத்திடம் அஞ்சலின் முழுத் தலைப்பை, அதாவது அது கடந்துவந்த பாதையின் பதிவை, கேட்டு வாங்கி, ஒவ்வொரு சர்வரும் அஞ்சலைப் பெற்ற நேரத்தைக் குறிக்கும் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தபோது, என் கணினியிலிருந்து நம் சர்வருக்குச் சில நொடிகளில் வந்த கடிதம் அங்கிருந்து வெளியேற நாட்கணக்கில் காத்திருந்தது நேரக்குறிப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. அந்த மாணவிக்கு அந்த வரிகளை நான் எப்படி விளக்குவது? ஆசிரியர் மறந்துவிட்டு மழுப்புகிறார் என்று அவர் எண்ணியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

எதிர்முனையிலுள்ள சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணோடு தற்காலிக மறுப்பைத் தந்தால் அஞ்சலை வைத்திருந்து மீண்டும் முயல வேண்டும் என்பதே சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றப் பின்பற்றும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை. அதை வரையறுக்கும், 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 என்ற ஆவணம், முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிட இடைவெளியும், கைவிடுவதற்கு முன் பொதுவாக 4 முதல் 5 நாள் அவகாசமும் வேண்டும் என்கிறது. ஆகவே தாமதமே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அவகாசத்தைக் குறைக்கவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முயற்சி தோற்றபோதும் சர்வர் அதைக் காரணத்தோடு தன் லாகில் (செயல்பாட்டுப் பதிவேட்டில்) எழுதிவைத்தது. வரிசையைக் காட்டும் 'மெயில்கியூ' என்ற ஒற்றைக் கட்டளையில் தாங்களும் அதைப் பார்த்திருக்க முடியும். வேறு வழியில் கடிதத்தை அனுப்பிக் கெடுவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆள் அனுப்பியவர்; அவருக்கு மட்டும் தெரியவில்லை. அவருக்குத் தெரிவியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் 4 மணி நேரத்தில் தாமத எச்சரிக்கை அனுப்புவது பழைய வழக்கம். நாம் பயன்படுத்தும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில், தாமத எச்சரிக்கைக்கான 'டிலே வார்னிங் டைம்' என்ற அமைப்பு முன்னிருப்பாகச் சுழியத்தில், அதாவது அணைந்த நிலையில், இருக்கிறது. அதை 4 மணி நேரம் என்று மாற்றினால் போதும். எச்சரிக்கை கண்டு மிரளும் பயனர்கள் அதே அஞ்சலை மீண்டும் மீண்டும் அனுப்புவார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் எச்சரிக்கையிலேயே "மறுபடி அனுப்பத் தேவையில்லை" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் அந்த அறிவிப்பின் வாசகத்தை மாற்றி, தமிழிலேயே தெளிவாக எழுதிவைக்கவும் வசதி உண்டு. போலி முகவரியிலிருந்து வரும் ஸ்பேமுக்கெல்லாம் எச்சரிக்கை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. உள்நுழைந்து அனுப்பும் நம் பயனர்களின் அஞ்சல்களுக்கு மட்டும் அது செல்லும்படி வெளிச்செல்லும் வழியைத் தனியே பிரித்து அமைக்கலாம்.

"மின்னஞ்சல் உடனடிச் சேவை அன்று" என்று எனக்கு வந்த பதிலில் அறிவுறுத்தியிருந்தீர்கள். நன்றி. கெடு வைத்து வரும் ஒவ்வொரு சுற்றறிக்கையும் மின்னஞ்சலில் மட்டுமே வருகிற ஓர் இடத்தில் இந்தத் தத்துவத்தைச் சுற்றறிக்கை எழுதுபவர்களுக்கும் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே காலி செய்க என்ற எச்சரிக்கை மட்டும் இதுவரை தாமதமானதாக நினைவில்லை. அது சர்வரைத் தாண்டி வெளியே போவதில்லை என்பதால் அப்படி என்று அறிவேன். ஆனாலும் தங்களுக்கு வேண்டியதை எங்களுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது, எங்களுக்கு வேண்டியதைத் தெரிவிக்கத்தான் இல்லை என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

கடுமை தொனித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். எங்கள் அஞ்சல் 4 மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றால் அனுப்பியவருக்கு எச்சரிக்கை செல்லும்படி அமைத்துத் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சேவைகள் நம்மைத் திருப்பி அனுப்பும் நிலை மறுபடி வந்தால், அன்றே அனைவருக்கும் ஓர் அறிவிப்பும் வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதெனில், காரணத்தை எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையேன்.

இப்படிக்கு,
தங்கள் சர்வரின் பயனர்களுள் ஒருவர்