வீடியோ கால்ல மூஞ்சி காட்டாததுக்கு காரணம்

அம்மாவுக்கு,

தம்பி படிச்சு காட்டுவான்னு எழுதுறேன். டேய், பொறுமையா படி, நீ பாட்டுக்கு பத்து வரிய தாண்டி "நல்லாத்தான் இருக்காளாம்"னு முடிச்சிடாத.

இருவது நாளா வீடியோ கால்ல வரமாட்டேங்கிறா, வாய்ஸ்ல மட்டும் பேசுறா, மாப்பிள்ளையோட எதுனா சண்டையான்னு பெரியம்மாகிட்ட கேட்டியாம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மூஞ்சி வீங்கி கெடந்துச்சு, ஒரு கண்ணு தொறக்கவே முடியல, அந்த கோலத்துல பாத்திருந்தா நீ அன்னைக்கே மாரியாத்தாவுக்கு கூழ் ஊத்த கெளம்பியிருப்ப. இப்ப முக்காவாசி காஞ்சிடுச்சு, அதான் தைரியமா சொல்றேன்.

போன வருஷம் இங்க நார்த் கரோலினால கேரிங்கிற ஊர்ல வீடு வாங்குனோம்ல, அதுல கொல்லப்பக்கம் ஒரு மரவேலி இருக்கு, வேலிக்கு அந்தாண்ட ஒசர ஒசரமா பைன் மரம். இந்த காலனிக்குன்னு ஒரு சங்கம் இருக்கும்மா, நம்ம வீட்டு புல்லு நாலு விரல் கூட வளந்தாலும் லெட்டர் போட்டுடுவாங்க, நம்ம காசுல வாங்குன வீட்டுக்கு இவங்க யாருன்னு எனக்கு இன்னும் புரியல. மே மாசம் லெட்டர் வந்துச்சு, வேலியில கொடி மண்டிக்கெடக்கு, ரெண்டு வாரத்துல சுத்தம் பண்ணுங்கன்னு. ஆளு கூப்ட்டா முன்னூறு டாலர் கேட்டான். முந்திரித் தோப்புல களை எடுத்து வளந்தவ, எனக்கெதுக்குடா ஆளுன்னு சனிக்கிழமை காலையில நானே எறங்கிட்டேன். அரைக்கை டீசர்ட், வெறுங்கை.

கொடி பாக்க அப்படியே அவரைக்கொடி மாதிரிதான். ஒரு காம்புல மூணு இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம், கொழுந்து செவப்பா பளபளன்னு இருந்துச்சு. ஒரு பைன் மரத்துல மட்டும் கை மொத்தத்துக்கு பழுப்பா ஏறியிருந்துச்சு, சுத்திலும் கம்பளிப்பூச்சி மாதிரி முடி முடியா வேரு. அதையும் கட்டிப்புடிச்சு இழுத்தேன். வேர்வைய தொடைச்சேன், முடிய ஒதுக்குனேன், பாப்பா தண்ணி கொண்டாந்தா அத வாங்கி குடிச்சேன். ரெண்டு மணி நேர வேலை, சந்தோஷமா வேற இருந்துச்சு, மண்ணுல கை வெச்சு எவ்ளோ நாளாச்சு.

அன்னைக்கு ஒண்ணும் ஆகல, ஞாயித்துக்கெழமையும் ஒண்ணும் ஆகல. நம்மூரு காஞ்சொறி நல்லதும்மா, தொட்ட அடுத்த நிமிஷமே சுருக்குன்னு சொல்லிடும், ஒரு மணி நேரத்துல அடங்கிடும். இது கமுக்கமா இருந்து திங்கக்கெழமை ஆபீஸ் மீட்டிங்ல வேலைய ஆரம்பிச்சுது. மணிக்கட்டுல பேனாவால கோடு போட்ட மாதிரி செவப்பா ஒண்ணு, கொடி எங்க எங்க உரசுச்சோ அந்த வழியிலயே கோடு கோடா. சாயங்காலம் கழுத்து, செவ்வாய்க்கெழமை காலையில கண்ணு. அப்புறம் தண்ணி கட்டுன கொப்புளம். அரிப்புன்னா சாதா அரிப்பு இல்ல, எலும்புக்குள்ள அரிக்குது, சொறிஞ்சா ஒரு நிமிஷம் சொர்க்கம், அடுத்த நிமிஷம் தீ.

நீ பாத்திருந்தா அக்கின்னுதான் சொல்லியிருப்ப. காவி கரைச்சு அக்கி எழுத ஆள் தேடியிருப்ப. இவரு மருந்துக்கடையில போயி கேலமைன் லோஷன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து பஞ்சுல தொட்டு கையெல்லாம் பூசிவிட்டாரு, அது ரோஸ் கலரு, காஞ்சா பொறுக்கு தட்டும், கண்ணாடியில பாத்தா நெஜமாவே அக்கி எழுதுன மாதிரிதான் இருந்தேன், அந்த வலியிலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு.

பக்கத்து வீட்டுல தனியா ஒரு வெள்ளக்கார பாட்டி இருக்காங்க. என் கைய தூரத்துல இருந்து பாத்துட்டே "பாய்சன் ஐவி"ன்னுட்டாங்க. இங்க சின்னப் புள்ளைங்களுக்கே பாட்டு மாதிரி சொல்லிக்குடுப்பாங்களாம், மூணு இலைன்னா தொடாத, முடி மொளச்ச கொடின்னா கிட்ட போகாதன்னு. எனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? மூணு இலைன்னா நமக்கு வில்வம், கும்புடுற இலை.

அதோட இலை, தண்டு, வேரு எல்லாத்துலயும் ஒரு எண்ணெ இருக்கு, உருஷியால்னு பேரு. ஒட்டுன பத்து இருவது நிமிஷத்துக்குள்ள சோப்பு போட்டு தேச்சு கழுவிட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாமாம், பாத்திரம் கழுவுற சோப்பு போதுமாம். நான் ரெண்டு மணி நேரம் வேல பாத்துட்டு, மரத்தடியில உக்காந்து போன் பேசிட்டு, அப்புறம் ரசம் வெச்சிட்டு குளிச்சேன்.

செவ்வாய்க்கெழமை டாக்டர்கிட்ட போனோம். (டேய் தம்பி, இந்த வரிய மட்டும் படிக்காத: கதவ தொறந்து உள்ள போறதுக்கே 75 டாலர்.) ஆறு நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாரு. நாலாம் நாள்லயே நல்லா அடங்கிடுச்சு, ஆஹான்னு இருந்தேன், மாத்திரை முடிஞ்ச ரெண்டாம் நாளு திரும்ப அதே மாதிரி பொங்கிடுச்சு. வேற ஒரு டாக்டரம்மாகிட்ட ஓடுனோம், அந்தம்மா, இதுக்கு ஆறு நாளெல்லாம் பத்தாதும்மா, ரெண்டு மூணு வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுகிட்டே வந்துதான் நிறுத்தணும்னு சொன்னாங்க. மொதல்ல போன எடத்துல இத சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம். அந்த மாத்திரை சாப்ட்டா தூக்கமும் வராது, பசியும் அடங்காது, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு தயிர் சோறும் ஊறுகாயும் சாப்ட்டுட்டு இருந்தேன்.

கொப்புளத்து தண்ணி பட்டா அடுத்தவங்களுக்கு ஒட்டிக்குமோன்னு பாப்பாவ பத்து நாளா பக்கத்துலயே சேக்கல. அதெல்லாம் ஒட்டாதாம். அந்த தண்ணி நம்ம உடம்புலேந்து வர்றது, அதுல வெஷம் கெடையாது, ஒட்டுறது அந்த எண்ணெதான். அது தெரியாம நான் என்னென்னமோ சோப்பு போட்டு என்னையே தேச்சுகிட்டு இருக்கேன், கொடி வெட்டுன கத்திரிய யாரும் கழுவல. ஒம்போது நாள் கழிச்சு உன் மாப்பிள்ள மிச்சக் கொடிய வெட்டலாம்னு அதே கத்திரிய எடுத்தாரு, அவருக்கும் கையெல்லாம் வந்துடுச்சு. கத்திரி, கையுறை, ஷூ லேஸ் எதுல ஒட்டுனாலும் மாசக்கணக்கா, ஒரு வருஷம் கூட வீரியமா கெடக்குமாம். போன் கவர தூக்கிப்போட்டேன், ஷூவ சோப்புத்தண்ணியில ஊறவெச்சேன், கதவு கைப்பிடிய எல்லாம் ஸ்பிரிட்டு போட்டு தொடைச்சேன். வீட்ல பொணம் விழுந்த மாதிரி ஒரு சுத்தம்.

இன்னொன்னு கேளு. இவரு பிடுங்கிப் போட்டத எல்லாம் குமிச்சு நம்மூர்ல கொளுத்துற மாதிரி கொளுத்திடலாம்னு தீப்பெட்டிய எடுத்துட்டாரு. அந்தப் பாட்டி வேலிக்கு அந்தாண்டலேந்து கத்துனாங்க பாரு! எரிச்சா பொகையிலயே அந்த எண்ணெ வருமாம், மூச்சுல இழுத்தா நொரையீரல் உள்ளயே வெந்து உசுருக்கே ஆபத்தாம். அப்புறம் ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி குப்பையிலதான் போட்டோம். இதுல தமாஷ் என்னன்னா ஆட்டுக்கு இது ஒண்ணும் பண்றதில்ல, கருக் கருக்குன்னு மேஞ்சிடும், இங்க இதுக்குன்னே ஆட்டுமந்தைய வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. நம்ம வெள்ளச்சிய கொண்டாந்தா மணிக்கு இவ்ளோன்னு சம்பாதிச்சு போடும். மானும் திங்குது, குருவிங்க பழத்த தின்னுட்டு வேலி மேல உக்காந்து எச்சம் போடுது, அதான் எல்லா வீட்டுலயும் வேலி ஓரமாவே மொளைக்குது. பக்கத்துல டர்ஹாம்ல ட்யூக் யுனிவர்சிட்டி காட்டுல கரியமில வாயுவ கூடுதலா விட்டு வளத்து பாத்தாங்களாம், கொடி இன்னும் வேகமா வளந்து வெஷமும் கூடுச்சுன்னு 2006ல எழுதியிருக்காங்க. கூடிக்கிட்டே போகும்போல, நமக்கு என்ன, நான் இனிமே அந்தப் பக்கம் போறதில்ல.

இப்ப நான் எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்னா, அந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. மொத தடவ பட்டா நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது, உடம்பு அத ஞாபகம் வெச்சுகிட்டு ரெண்டாவது தடவதான் சண்ட போடும், உனக்கு எப்படி மொத தடவையே இப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டு, எந்த ஊருன்னாங்க. இந்தியான்னேன். மாமரம் இருக்கான்னாங்க. மாமரம் என்னங்க, எங்க ஊரு பண்ருட்டி, முந்திரிதான் எங்களுக்கு சோறு போட்டுச்சுன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. இந்தக் கொடி, மாமரம், முந்திரி, சலவைக்கார தாத்தா துணிக்கு புள்ளி வெக்கிறாரே அந்த சேராங்கொட்டை, எல்லாம் ஒரே குடும்பமாம். மாங்கா காம்புல வடியிற பாலு, முந்திரித் தோட்டுல இருக்குற எண்ணெ, எல்லாமே இதுக்கு பங்காளிதான். அங்கயே ஒருவேள ஆரம்பிச்சிருக்கலாம்னாங்க.

எனக்கு சட்டுன்னு ஞாபகம் வந்துடுச்சும்மா. அஞ்சாவது லீவுல பச்சக் கொட்டைய பல்லால கடிச்சு ஒதடெல்லாம் வெந்து போயி, நீ திட்டிகிட்டே தேங்காண்ணெ தடவுன. கொட்டை வறுக்கறப்ப பொக வந்தா, அந்தப் பக்கம் போகாதீங்கடின்னு வெரட்டுவ. பாட்டி வேலியில கத்துனதும் நீ அன்னைக்கு கத்துனதும் ஒண்ணுதான்.

எனக்கு இருவது நாளு. "தானே"ங்கிற புயலுக்கு முன்னாடி நீ நம்ம தோப்பு கொட்டையையும், 2011ல அது அடிச்சு தோப்பே சாஞ்சு போனதுக்கு அப்புறம் அடுத்தவங்க கொட்டையையும் கிலோ கணக்குல ஒடைச்சிருக்க. சாம்பல தொட்டுகிட்டு, கட்டையால தட்டி தட்டி. உன் விரலு கறுப்பா வெடிச்சு கெடக்கறத நான் பொறந்ததுலேந்து பாக்குறேன், அது உன் கையோட நெறம்னே நெனச்சுகிட்டு இருந்துட்டேன். ரேஷன் கடையில உனக்கு ரேகை விழமாட்டேங்குதுன்னு தம்பி சொன்னப்ப கூட வயசாயிடுச்சு, அதான்னு விட்டுட்டேன். எனக்கு யோசிக்க ஒரு கொடி வந்து ஒரசணும்போல.

இப்பவும் பெரிய வீட்டுக்கு ஒடைக்க போறன்னு தெரியும், தம்பிதான் சொன்னான், அவன திட்டாத. போகாதன்னா கேக்கமாட்ட. ஜூலையில இவரோட ஃபிரண்டு ஊருக்கு வர்றாரு, அவருகிட்ட நைட்ரைல் கையுறை ரெண்டு டப்பா குடுத்து விடுறேன், கொஞ்சம் தடியானதுதான். சாதா ரப்பர் கையுறை வாங்காத, அதுல இந்த எண்ணெ உள்ள எறங்கிடும். கையுறை போட்டா வேல ஓடாது, கூலி கொறையும்னு சொல்லுவ, சரி, கொட்டைய புடிக்கிற எடது கைக்காவது போடு. ஓட்டை விழுந்தா கழட்டி போட்டுட்டு புதுசு எடுத்துக்க. முடிஞ்சதும் சோப்பு போட்டு கழுவு, சாம்பல் மட்டும் போதாது.

மாம்பழமும் பாத்து சாப்பிடச் சொல்லிட்டாங்க, தோல தொடக்கூடாதாம். இந்தியன் ஸ்டோர்ல பெட்டி வந்திருக்கு, உன் மாப்பிள்ள தோல் சீவி குடுக்குறாரு, நான் மகாராணி மாதிரி உக்காந்து சாப்பிடுறேன். பாப்பா நல்லா இருக்கா, அவளுக்கு ஒண்ணும் வரல. ஞாயித்துக்கெழமை உனக்கு காலையில எட்டு மணிக்கு வீடியோ கால் போடுறேன், மூஞ்சில லேசா தழும்பு இருக்கும், அழுதா கட் பண்ணிடுவேன்.

கையுறைய புதுப்பொடவ மாதிரி பீரோவுல வெச்சு பூட்டாத.

உன் மக