கடைசித் தேதியைப் படத்துக்குள் வைக்காதீர்கள்

வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் மின்னஞ்சல் டெம்ப்ளேட் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பணம் கட்ட வேண்டிய தொகையையும் கடைசித் தேதியையும் படத்துக்குள் எழுதி அனுப்பாதீர்கள். இதைக் கேட்கத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஒரு போஸ்டர் போல வரைந்து அப்படியே ஒட்டி அனுப்புவது உங்களுக்கு வசதி என்பது புரிகிறது. மேலாளர் ஓகே சொன்ன வண்ணமும் எழுத்தும் மாறாமல் போய்ச் சேரும். ஆனால் அலுவலகக் கணினியில் அவுட்லுக் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் படம் தானாக இறங்காது, வெள்ளைக் கட்டம்தான் தெரியும். பார்வையற்ற என் சித்தப்பா, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் ஃபோனைப் பயன்படுத்துகிறார். பிரீமியம் நினைவூட்டல் ஒன்றைத் திறந்தபோது அது அவருக்குப் படித்துச் சொன்னது 'படம்' என்ற ஒரே சொல். பாலிசி எண், தொகை, தேதி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பார்வை உள்ளவர்களுக்கும் அந்த எண்ணை நகலெடுத்து ஒட்ட வழியில்லை.

தமிழில் அனுப்பும்போது எழுத்து உடைந்துவிடுமோ என்று பயந்துதான் பலர் படத்தை நாடுகிறார்கள். இன்று அந்தப் பயம் வேண்டியதில்லை. விண்டோஸில் நிர்மலா என்ற எழுத்துரு இருக்கிறது, ஆண்ட்ராய்டில் நோட்டோ இருக்கிறது, ஐபோனிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே வருகிறது. இணையத்திலிருந்து இறங்கும் தனி எழுத்துருவை (வெப் ஃபான்ட்) கொடுத்தால் ஜிமெயில் எப்படியும் அதை ஏற்றாது, விட்டுவிடுங்கள். வரி இடைவெளியை மட்டும் தாராளமாக வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த அளவையே தமிழுக்கும் வைத்தால், மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'தீ'யோடு முட்டிக்கொள்ளும். எழுத்தளவை 16 பிக்சலுக்குக் குறைக்காதீர்கள். இந்த அஞ்சல்களைப் படிப்பவர்களில் வயதானவர்கள் நிறைய.

அப்புறம், அமைப்பு. 600 பிக்சல் அகலத்தில் ஒரே நெடுவரிசை போதும். அருகருகே இரண்டு வைத்தால் ஃபோனில் நசுங்கிப்போகும். 2007 முதல் விண்டோஸ் அவுட்லுக் வேர்டின் இயந்திரத்தைக் கொண்டுதான் அஞ்சலைக் காட்டிவந்தது, அதனால் பகுதிகளை அடுக்க டேபிளைக் கைவிட முடியாது என்பீர்கள். சரி, வையுங்கள். ஆனால் அது வெறும் அமைப்புக்கான டேபிள் என்று அஞ்சலின் நிரலில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் 'வரிசை 1, நெடுவரிசை 2' என்று சொல்லிக்கொண்டே போகும். நிரல் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடுகிறது. கிளைமேக்ஸ் போல 'பணம் செலுத்துக' பட்டனை அடியில் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தொகையும் தேதியும் பட்டனும் முதல் திரையிலேயே வரட்டும். வாழ்த்தும் விளம்பரமும் அதற்குக் கீழே இருக்கட்டும்.

அடுத்த டெம்ப்ளேட்டை ஒப்புதலுக்கு அனுப்பும் முன், படங்களை நிறுத்திவிட்டு உங்கள் ஃபோனிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். எவ்வளவு, எப்போதுக்குள் என்று தெரியவில்லை என்றால் தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்