பட்டாலையில் உட்கார்ந்து பார்த்த ஓசு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் உலகத் திரைப்படங்களைப் பற்றி வெளிவந்த நீண்ட கட்டுரையை இருமுறை படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தைப் பற்றிய பகுதியில் இரண்டு வாக்கியங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. ஓசுவின் கேமரா அசைவதே இல்லை என்பது ஒன்று. இத்தகைய மெதுவான படங்கள் திரைப்படக் கழகங்களில் பழகிய கண்களுக்கு மட்டுமே உரியவை, நம் ஊர்களில் இவற்றை யாரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள் என்பது மற்றொன்று.

முதலாவது எளிதில் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் வீடுகளில் தங்க இடமில்லாமல் வெளியே வந்துவிட்ட முதிய தம்பதி டோக்கியோவில் ஒரு பூங்காவின் அருகே உட்கார்ந்திருக்கும் காட்சியில், கேமரா ஒரு மதிலை ஒட்டி மெல்ல நகர்ந்து சென்றுதான் அவர்களைக் கண்டடைகிறது. 136 நிமிடப் படத்தில் அரிதாக வரும் நகர்வு அது. அதனாலேயே, போக்கிடமில்லாத இரண்டு பேரைத் தேடிக்கொண்டு போவது போல அது மனத்தில் நிற்கிறது. “அசைவதே இல்லை” என்று எழுதிவிட்டால் அந்த இடம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் என் ஆத்தாவுடன் (தாயுடன்) வசிக்கிறேன். அவருக்கு வயது 84. என் உடன்பிறந்தவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். சென்ற ஐப்பசியில் ஒரு மழைநாள் மாலை, மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து நான் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆத்தாவும் பக்கத்து வீட்டு ஆச்சிமார் இருவரும் வந்து பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) தடுக்கில் உட்கார்ந்தார்கள். மூவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது; கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் தெரியாது. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லத் தொடங்கியதும் ஆத்தா தடுத்துவிட்டார். “யார் யாருக்கு என்ன முறைங்கிறதை மட்டும் சொல்லு, போதும்” என்றார். ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து ரயிலேறி வரும் அப்பச்சியும் (தந்தையும்) ஆத்தாளும், வைத்தியம் பார்க்கும் மூத்த மகன், அழகு நிலையம் வைத்திருக்கும் மகள், போரில் இறந்துபோன மகனின் மனைவி என்று முறை சொல்லி முடித்த பிறகு, நான் பேச வேண்டிய தேவை மிகக் குறைவாகவே இருந்தது.

ஓசு தம் கேமராவை, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் சற்றுத் தாழ்வாக வைப்பவர் என்பது எல்லாரும் எழுதுகிற செய்தி. அது ஏன் என்பதற்கு விமரிசகர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். அந்த மாலையில் எனக்குத் தெரிந்தது வேறொன்று. தரையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது, திரைக்குள் இருந்த அறையின் தரையும் எங்கள் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் ஒரே மட்டத்தில் தொடர்வது போல இருந்தது. ஒரு கதவுக்குப் பின் இன்னொரு கதவு, அதற்கும் அப்பால் ஒரு நடை, அதில் யாரோ குறுக்கே போகிறார் என்று அடுக்கடுக்காக விரியும் அவருடைய சட்டகம், முகப்பில் உட்கார்ந்து வளவையும் (நடு முற்றத்தையும்) இரண்டாங்கட்டையும் தாண்டி அடுப்படி வரை ஒரே கோட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. நம் திரைப்படங்களில் செட்டிநாட்டு வீடுகள் எத்தனையோ முறை வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் கிரேனில் ஏறி மேலிருந்தோ, ஓடி வரும் கேமராவிலிருந்தோதான் காட்டுகிறார்கள். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தவர்கள் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. (இத்தனைக்கும் இந்தப் பகுதி சினிமாவுக்கு அந்நியமானது அல்ல. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இங்கே, தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். அமைத்திருந்த நிலையத்தில் உருவான படம்.)

பெண்கள் மூவரும் எந்த இடத்தில் பேசினார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். படத்தில் மகளின் கணவர் மாமனார் மாமியாருக்காகப் பலகாரம் வாங்கி வருகிறார். இவ்வளவு விலையில் எதற்கு, சாதாரண பிஸ்கட் போதாதா என்று மகள் கடிந்துகொள்கிறாள். “ஆத்தாளுக்கு வாங்குன பலகாரத்துக்கா கணக்குப் பாக்குறா?” என்று ஆச்சி ஒருவர் உடனே கேட்டார். பிள்ளைகள் கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பெற்றோரை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைத்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. விதவை மருமகள் நோரிகோ, தன் ஒற்றை அறையில் மாமியாரைத் தங்கவைத்துத் தோளைப் பிடித்துவிட்டு, மறுநாள் காலையில் கைச்செலவுக்கு என்று சிறிது பணத்தையும் கொடுத்தபோது, ஆத்தா தலையை மட்டும் அசைத்தார்.

கணக்கு என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் எனக்கு இந்தப் படமே வேறுவிதமாகத் தெரியத் தொடங்கியது. கல்யாணமான மகனை ஒரே கூரையின் கீழ் வேறு வைத்து, உலையைத் தனியாகப் பிரித்து, வரவு செலவைத் தனியாக எழுதி, பாசத்தை மட்டும் பொதுவில் வைத்திருக்க முயன்ற சமூகம் எங்களுடையது. அந்த முயற்சி எந்த இடத்தில் கைகூடியது, எந்த இடத்தில் கசந்தது என்பது இங்குள்ள எந்த முதியவளுக்கும் தெரியும். ஓசுவின் பிள்ளைகளைத் தங்கள் கட்டுரையாளர் “நன்றி கெட்டவர்கள்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பெற்றோருக்கு ஆகும் செலவையும் தங்கள் நேரத்தையும் கணக்கில் எழுதிவைக்கிறவர்கள், அவ்வளவுதான். ஓசு அவர்களைத் திட்டுவதே இல்லை. சாவு விருந்து முடியுமுன்பே, அம்மாவின் இடுப்புக் கச்சையையும் ஓர் உடையையும் தனக்கு வேண்டும் என்று மகள் கேட்கும் காட்சியைக்கூட, ஒரு சாதாரணப் பேச்சைப் போலவே நடத்திவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். எங்கள் பட்டாலையில் அப்போது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமான் பிரித்த நினைவு இல்லாத வீடு இந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை.

மெதுவான படம் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. ஊர் திரும்பும் வழியில் அம்மாவுக்கு ரயிலில் உடம்புக்கு முடியாமல் போகிறது. அதை நாம் பார்ப்பதில்லை, ஒசாகாவில் இருக்கும் இளைய மகன் தன் அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லத்தான் கேட்கிறோம். பிறகு பிள்ளைகளுக்குத் தந்தி வந்துசேர்கிறது. அம்மா நினைவிழந்து கிடப்பதைப் பார்க்கிறோம், அடுத்துப் பார்க்கும்போது பொழுது விடிந்திருக்கிறது, அவர் போய்விட்டிருக்கிறார். வேறு எந்த இயக்குநரும் கால் மணி நேரம் அழவைத்திருக்கக்கூடிய இடங்களை ஒரு வெட்டில் தாண்டிவிட்டு, வெளியே நின்று விடியலைப் பார்த்து “அழகான விடியல், இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும்” என்று சொல்லும் கணவனிடம் மட்டும் ஓசு நிற்கிறார். நிகழ்ச்சிகளை இவ்வளவு வேகமாகக் கடக்கும் ஒரு படத்தை மெதுவான படம் என்பது எப்படிப் பொருந்தும்? நாம் வழக்கமாக நிற்காத இடத்தில் அது நிற்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த முதியவர் விடியலைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஆத்தா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கட்டுரையில் இடம்பெறாத ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1951இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்று உலகமெங்கும் போனது. ஓசுவின் படங்களையோ, இவை மிகவும் ஜப்பானியத்தனமானவை, வெளிநாட்டாருக்குப் புரியாது என்று கருதி, அவருடைய நாட்டு நிறுவனங்களே நெடுநாள் வெளியே அனுப்பத் தயங்கின. அவர் 1963இல் மறைந்த பிறகுதான் மேற்கில் அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது. 2012இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழ் உலக இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பெற்றது. நம்மவர்களுக்குப் புரியாது என்று தங்கள் கட்டுரையாளர் சொல்வதும் அந்த நிறுவனங்களின் தயக்கமும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இந்தக் கதையின் வித்தே லியோ மெக்கேரி 1937இல் எடுத்த ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது என்பதை நினைத்தால், ஜப்பானியத்தனம், அந்நியம் என்ற சொற்களுக்கெல்லாம் என்ன பொருள் என்றே கேட்கத் தோன்றுகிறது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கதைச் சுருக்கத்தையும் விருதுப் பட்டியலையும் குறைத்துக்கொண்டு, ஒரு படத்தில் கேமரா எங்கே இருக்கிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று பார்க்கும் கட்டுரைகளை வெளியிடுங்கள். ஹிரோகாசு கொரீடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) படத்திலிருந்து தொடங்கலாம். இறந்துபோன மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அவன் காப்பாற்றிய பையனை ஆண்டுதோறும் வரவழைத்து உபசரிக்கிறாள் தாய். அந்தப் பையன் கூசிக் குறுகுவதைப் பார்ப்பதற்காகவே அப்படிச் செய்கிறாள். அதை அவள் குரலை உயர்த்தாமல் சொல்லும் இடத்தை விளக்கி எழுத நல்ல விமரிசகர் ஒருவர் வேண்டும். மற்றொன்று தமிழ்த் துணைவசனம். ஒரு மாத இதழால் அதைச் செய்ய முடியாது என்பது தெரியும். ஆயினும் இதழுக்கு ஒரு படமாக, முக்கியமான பத்துப் பன்னிரண்டு உரையாடல்களையாவது தமிழில் தந்தால், என்னைப் போன்றவர்கள் வீட்டில் படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்வதற்கு உதவியாக இருக்கும். ஆத்தாவுக்கு முறை சொன்னால் போதும். எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.