எந்தத் துப்பாக்கி என்று கேட்டாயே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தோட்டத்துப் பக்கம் தூசியில் அலையாதே, சொன்னால் கேள். இங்கே மழை பரவாயில்லை. தென்னையில் வெள்ளை ஈ மட்டும் இன்னும் ஒழியவில்லை. மருமகளுக்கு உடம்பு தேறிவிட்டது.

கடிதத்தில் எனக்குப் பெரிய செய்தி, உன் பேரன் டிராப், அதான் எந்திரம் வீசுகிற தட்டைப் பறக்கும்போதே சுடுகிற போட்டி, அதைப் பழகுகிறான் என்று எழுதியிருந்ததுதான். அந்த வரியை நாலைந்து தடவை படித்திருப்பேன். வாழ்நாளில் என் கையில் இருந்த துப்பாக்கிகளில் எது ஒசத்தி, பேரனுக்கு எதை வாங்கித் தரலாம் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. தூக்கித் தோளில் வைத்த கணத்தில் கண்ணும் குழலும் ஒரே கோட்டில் நிற்கிற துப்பாக்கிதான் ஒசத்தி. கம்பெனிப் பெயர், செதுக்கு வேலை, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு துப்பாக்கியாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

எங்கள் தாத்தா, அப்பாருவின் இரட்டைக்குழலை நீ பார்த்திருக்கிறாய், தோட்டாவைத் தட்டுகிற குதிரை வெளியே தெரியும்படி வைத்தது. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கும். கடிகாரத்துக்குப் பெயர்போன அந்த மவுண்ட் ரோடு கடை அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. செய்தது பர்மிங்காமில். குழல் டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றி வைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல். வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஆற்று மணலில் நீர் ஓடிய தடம் மாதிரி ரேகை ரேகையாகத் தெரியும். அழகு என்றால் அதுதான் அழகு, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது கரிமருந்துக்காகச் செய்த குழல், இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்கு அதை நம்ப முடியாது. தோட்டா உட்காருகிற அறையும் இரண்டரை அங்குலம்தான், இப்போது கடையில் கிடைக்கிற தோட்டா இரண்டே முக்கால். கரிமருந்து போட்டுச் சுட்டால் முதல் ஈட்டின் புகை கலைந்த பிறகுதான் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியும். வீடு திரும்பியதும் குழலுக்குள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும். அன்றைக்கே கழுவாவிட்டால் மருந்துக்கசடு இரும்பை அரித்துவிடும். அந்த வேலை என்னுடையது. வேட்டைக்குக் கூட்டிப் போகும் முன்பே அப்பாரு எனக்குக் கழுவக் கற்றுத் தந்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் வைக்கிற மரப்பாகம், அப்பாருக்கு நீளம். கழுத்தை முன்னால் நீட்டி, கன்னத்தைத் தேடிக் கொண்டுபோய் வைத்துத்தான் சுடுவார். பழக்கத்தில் சமாளித்தார், அவ்வளவுதான். நெட்டையான வெள்ளைக்காரனின் கைக்கு அளவெடுத்துச் செய்த சாமான் நம் ஆட்கள் கைக்கு எப்படிப் பொருந்தும்? வெள்ளைக்காரன் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் கடைசி வரைக்கும் பெரும்பாலும் பதினாலரை அங்குலம் இருக்கும். நீயும் நானும் அஞ்சடி அஞ்சங்குலம். இதை யோசித்துப் பார்க்காமல் 'நமக்குக் குறி வரவில்லை' என்று துப்பாக்கியை மூலையில் வைத்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்!

அப்பா வைத்திருந்தது கிரீனர் ஜி.பி., ஒற்றைக்குழல். அடியில் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளி, ஒரு தோட்டா போட்டு, மேலே இழுத்தால் தயார். சோளக்காட்டுக் காவலுக்கு அதைவிட உறுதியான சாமான் கிடையாது. மழையிலும் சேற்றிலும் கிடந்தாலும் மக்கர் பண்ணாது. பன்றி விரட்டத்தான் அதிகம் பயன்பட்டது. பறவை சுட அது மூக்குப் பக்கம் கனம், நான் விரும்பியதில்லை.

இனி வெப்லி. வால்பாறை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த துரை ஊருக்குக் கிளம்பியபோது விற்றுவிட்டுப் போன வெப்லி அண்ட் ஸ்காட் 700. பக்கத்துப் பக்கம் இரட்டைக்குழல், 28 அங்குலம், எடை ஏழு பவுண்டுக்கும் குறைவு. வெளியே குதிரை கிடையாது, எல்லாம் உள்ளே. 1875-ல் ஆன்சன், டீலி என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த பெட்டிப் பூட்டு அமைப்பு அது. அதற்குப் பிறகு உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்துச் செய்தார்கள். ரவை சீக்கிரம் பரவிவிடாமல் இருக்கக் குழல் வாயைக் கொஞ்சம் குறுக்கியிருப்பார்கள்; அந்த வாய் இறுக்கம் வலது குழலில் கொஞ்சம், இடதில் அதிகம். கிட்டத்தில் எழுகிற பறவைக்கு வலது, எட்டிப் போனதற்கு இடது. முழு இறுக்கம் என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது ரவை விழ வேண்டும் என்பது கணக்கு. இறுக்கமே இல்லாத குழலுக்கு நாற்பதுதான் விழும்.

வாங்கிய புதிதில் ஆனைமலை வயல்களில் உள்ளான் குருவி சுடப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கணுக்கால் சேற்றில் நடக்க நடக்கக் காலடியில் எழுந்து, 'ஸ்கேப்' என்று கத்திக்கொண்டு, வளைந்து வளைந்து ஓடும். எட்டாம் நம்பர் ரவை, அவுன்ஸுக்கு 450. நீ உன் பதினாறு போர் அளவுக் குழல் துப்பாக்கியில் ஒன்றொன்றாய் எடுத்தாய். என் ரவை ஒவ்வொரு தடவையும் பறவைக்கு இடப்பக்கமாகவே போனது. துப்பாக்கிமேல் குறையா, என்மேல் குறையா என்று கண்டுபிடிக்க உன் மாமாதான் வழி சொன்னார். பழைய வேட்டி ஒன்றை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி, நடுவில் கரியால் வட்டம் போட்டு, சரியாக 16 கஜம் அளந்து நிற்கச் சொன்னார். குறி பார்க்கவே கூடாது. வட்டத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கி, தோளில் பட்டதும் சுட வேண்டும். அப்படியே மாற்றி மாற்றிச் சுட்டேன். வேட்டியில் ரவைக்கூட்டம் வட்டத்துக்கு இடப்பக்கமாகவும் கொஞ்சம் மேலாகவும் அடை அடையாக விழுந்திருந்தது. 16 கஜத்தில் ஒரு அங்குலம் விலகினால் கட்டையில் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு திருத்த வேண்டும் என்பது இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்களின் கணக்கு.

ஊர் ஆசாரி கையில் கொடுத்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. பழுத்த வால்நட் கட்டை, ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். அவர் அவசரப்படவில்லை. என்னைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்ததும் குழலின் நுனி மணி தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை, பக்கவாட்டில் பட்டைதான் தெரிந்தது. பென்சிலை எடுத்தார். முக்கால் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டார். கோட்டை நேராகப் போடவில்லை. என் மார்பு சரிகிற சரிவுக்குத் தக்கபடி அடிப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. "நெஞ்சு நேராவா இருக்குதுங்க?" என்றார். மெல்லிய பல் ரம்பத்தால் ஒரு சிலும்பு எழும்பாமல் அறுத்து, எருமைக்கொம்பில் தகடு செய்து அடியில் பதித்தார். கன்னம் படுகிற இடத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, ஒவ்வொரு இழைப்புக்கும் ஒருமுறை என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துக் கட்டைக்குள் இறக்கினார். பர்மிங்காமில் செய்த துப்பாக்கி அன்றைக்குத்தான் என் துப்பாக்கி ஆனது. அடுத்த தடவை கட்டிய வேட்டியில் வட்டமே தெரியவில்லை, ஓட்டை மட்டும்தான். நான் கண்ட துப்பாக்கி வேலையாட்களில் அந்த ஆசாரிக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

நாம் சுட்டதெல்லாம் லைசென்ஸ் எடுத்து, காலம் பார்த்து. நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு 1879-லேயே சட்டமாக வந்தது. அந்த ஒழுங்கில்தான் நம் பெரியவர்கள் வளர்ந்தார்கள், நம்மையும் வளர்த்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபோது உனக்கு மனசு ஆறவில்லை, எனக்கும்தான். ஆனால் காட்டின் நிலைமையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சட்டம் வந்தது நல்லதுக்குத்தான். 1991 திருத்தத்தோடு மிச்சமிருந்த லைசென்ஸ் வேட்டையும் முடிந்தது. இப்போது பன்றித் தொல்லை பெருகி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடலாம் என்று அரசு அனுமதித்திருக்கிறது. அதையும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். நம் துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

வேட்டை நின்ற பிறகுதான் நான் தட்டு சுடப் போனேன். மேலும் கீழுமாகக் குழல் வைத்த பெரெட்டா ஒன்று, ஒரு கிளப்காரரிடமிருந்து முறைப்படி மாற்றி வாங்கினேன். உன் பேரனும் இந்த வகையில்தான் பழகுவான். தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து வார்த்த தட்டு, 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம். எதிரே பள்ளத்தில் 15 எந்திரம் இருக்கும். எதிலிருந்து எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது. தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தட்டு எப்போதும் மேலேறிக்கொண்டே போவதால் டிராப் துப்பாக்கி குறிக்குக் கொஞ்சம் மேலேயே சுட வேண்டும். அதற்காகக் கன்னக்கட்டையை உயர்த்தி வைத்திருப்பார்கள். வெப்லியில் ஆசாரி இழைத்து இறக்கியதை இதில் ஏற்ற வேண்டியிருந்தது! ஒரே தோள், ஒரே கண், ஆனால் வேலை வேறு, அளவும் வேறு.

இந்த விளையாட்டில் நம் நாட்டுக்கு நல்ல பரம்பரை உண்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப்பில் வெள்ளி வாங்கினார். 2006-ல் மானவ்ஜித் சிங் சந்து உலக சாம்பியன் ஆனார். நம் பக்கத்திலிருந்தே புதுக்கோட்டைத் தொண்டைமான் வீட்டுப் பிருத்விராஜ் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டார். பேரனிடம் இதையெல்லாம் சொல்லு.

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்களே, அப்போது என்னிடம் மூன்று இருந்தது. வீட்டில் எல்லோரும் அப்பாருவின் துப்பாக்கியை வை, பெரெட்டாவைக் கொடு என்றார்கள். நான் மறுத்தேன். சுட முடியாத துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைப்பது அதற்கு மரியாதை இல்லை என்பது என் எண்ணம். பழைய துப்பாக்கிகளை அக்கறையோடு பராமரிக்கிற, லைசென்ஸ் உள்ள ஒரு குடும்பத்துக்கு டீலர் மூலமாகக் கொடுத்தேன். கொடுக்கும் முன் ஒருமுறை குழலைக் கழுவி, எண்ணெய் விட்டுத் துடைத்தேன். இன்றைக்கும் என் மகன் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. வருத்தம் அவனுக்கு உண்டு, எனக்கும் உண்டு, ஆனாலும் செய்தது சரி.

ஆக, உன் முதல் கேள்விக்குப் பதில் வெப்லி. அழகில் அப்பாரு துப்பாக்கிக்குக் கீழேதான், தட்டு சுட பெரெட்டாவுக்குக் கீழேதான். ஆனாலும் இருட்டில் எடுத்துத் தோளில் வைத்தாலும் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி அது.

பேரனுக்கு இப்போது எதையும் வாங்காதே. கிளப் துப்பாக்கியிலேயே ஒரு வருஷம் சுடட்டும். வளர்கிற பையன், இன்றைக்கு எடுத்த அளவு நாளைக்கு நிற்காது. அதற்குமுன் இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, விரலை நீட்டி, தூரத்துக் கம்பம் ஒன்றைக் காட்டச் சொல். பிறகு இடது கண்ணை மூடச் சொல். விரல் கம்பத்தைவிட்டு நகர்ந்தால் அவனுக்கு இடது கண்தான் ஓங்கிய கண். வலது தோளில் வைத்துப் பழகுவதா, இடதிலா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பயிற்சியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். காதுக்கு மூடி இல்லாமல் ஒரு ஈடுகூடச் சுடவிடாதே. எனக்கு வலது காது மந்தமானது அதனால்தான்.

பொங்கல் லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. அந்த ஆசாரியின் மகன் இப்போது தொழிலில் இருக்கிறார், அப்பாவைப் போலவே பொறுமை. பையனின் தோள், கை, கழுத்து எல்லாவற்றுக்கும் அளவெடுத்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது கிளப்பில் அவன் சுடுகிற துப்பாக்கியின் கட்டை நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு வா. விசையிலிருந்து அளக்க வேண்டும், மறந்துவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்