அந்த ஒரு வரியை விட்டுவிடாதே

மூணாறு,
மார்ச், வெள்ளி இரவு

அன்பு பாப்பாவுக்கு,

நியூயார்க்கில் ஐ.நா.வின் பெண்கள் நிலை கமிஷன் கூட்டத்துக்குப் போயிருக்கிற உன் குரலே நேற்று போனில் சரியில்லை. "ஒரு வரிக்காக மூணு ராத்திரி போச்சும்மா, இன்னும் அது அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்குது. இதை எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றாய். அறிக்கையில் ஒரு வரி அடைப்புக்குறிக்குள் இருந்தால் எல்லா நாடும் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், நீதான் சொல்லியிருக்கிறாய். எனக்கு அப்போது அங்கன்வாடி நேரம். அடுப்பில் கஞ்சி, காலைச் சுற்றிப் பிள்ளைகள். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அப்புறம் நாள் முழுக்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் மேல் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள். ஒருநாள் மத்தியானம் அங்கன்வாடி வாசலில் வந்து உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. கொழுந்துச் சாக்கைத் தலையில் தூக்க முடியாமல் பாதி வேலையில் இறங்கி வந்துவிட்டாள். முதல் நாளே தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். "வழக்குப் போடணும்" என்று தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "வழக்குன்னு காதுல விழுந்துச்சு டீச்சர், சரின்னு கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

உனக்குப் புரிந்திருக்கும். மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று எழுதி, அவனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லி, இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி விழுந்த அடிதான் அந்த வீக்கம்.

பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளைக் கவனிக்கிற பஞ்சாயத்துக் குழுவான ஜாக்ரதா சமிதியில் இருக்கிற இன்னொரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுநாள் போனேன். வழக்கு என்பதை நீக்கிவிட்டு 'மர்த்தனம்', அதாவது அடித்துத் துன்புறுத்தியது, என்று எழுத வைத்தோம். சண்டை என்றால் இரண்டு பேர் மேலும் தப்பு. அடித்தான் என்று எழுதினால் தப்பு யார் மேல் என்பது தெரிந்துவிடும். அவள் சம்பளத்தை அவன் பிடுங்கிக்கொள்வதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "அது குடும்ப விஷயம்" என்றார்கள். இல்லை, குடும்ப வன்முறைச் சட்டத்தில் பணத்தைப் பிடுங்குவதும் வன்முறைதான் என்றேன். லயத்து வீடு அவள் மாமனார் பேரில் இருக்கிறது. யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது, அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டம் 2005-இல் வந்தது. எதற்காகக் கொண்டுவருகிறோம் என்று மசோதாவோடு காரணம் எழுதியிருந்தார்கள் அல்லவா, அதில் 1995-இல் ஐ.நா. பெண்கள் மாநாட்டில் வந்த பெய்ஜிங் பிரகடனத்தின் பெயர் இருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் அதைச் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பெய்ஜிங்கிலும் யாரோ உன்னை மாதிரித் தூங்காமல் உட்கார்ந்துதானே ஒவ்வொரு வரியாக எழுதியிருப்பார்கள். அந்த வரி பத்து வருஷம் நடந்து டெல்லிக்கு வந்து, இன்னும் பல வருஷம் கழித்து இந்த மலை ஏறி, காது வீங்கிய ஒருத்தியின் மனுவில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. 1992-இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் கொடுமை உனக்குத் தெரியும். அவரும் என்னை மாதிரி அரசுத் திட்டத்தில் ஊர் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனவர். அதன் பின் வந்த விசாகா வழக்கில், வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாதபோது, உச்ச நீதிமன்றம் 1997-இல் எதைப் பிடித்துக்கொண்டு நெறிமுறை வகுத்தது? பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைத்தான். 1993-இல் இந்தியா அதில் சேராமல் இருந்திருந்தால் அந்த நீதிபதிகள் கையில் என்ன இருந்திருக்கும்?

நீ சொன்னதுதான், 2003-இல் இதே கமிஷன் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி இரண்டு வாரம் பேசியும் முடிவான அறிக்கை இல்லாமல் கலைந்தது. மரபு, வழக்கம், மதம் என்று காரணம் சொல்லி எந்த அரசும் நழுவக்கூடாது என்ற வரி பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஐ.நா. வெளியிட்ட 1993 பிரகடனத்திலேயே இருந்தது. அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளவே அங்கே பல பேருக்கு மனம் வரவில்லை. 2013 மார்ச்சில்தான், டெல்லி பஸ் கொடுமை நடந்து மூன்று மாதத்தில், அது அறிக்கைக்குள் வந்தது. பத்து வருஷம், பாப்பா. நடுவில் எத்தனை பேர் உன்னை மாதிரி அம்மாவுக்குப் போன் போட்டு அழுதார்களோ.

உங்களை அறைக்குள் விடுவதில்லை, வெளியே வராந்தாவில்தான் நிற்கிறோம் என்றாய். அது எனக்கு வலிக்கிறது. ஆனால் 2015-இல் இங்கே பெம்பிளை ஒருமை என்று ஒன்றுசேர்ந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். போனஸை 10 சதவீதமாக வெட்டியபோது, எங்களுக்காக யாரும் பேச வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்தார்கள். 20 சதவீதம் என்று ஆகும்வரை எழுந்திருக்கவில்லை. நீ வராந்தாவிலேயே நில். கதவு திறந்து யார் வெளியே வந்தாலும் பிடித்துக் கேள்.

வேலை உலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிக்க, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் 2019-இல் போட்ட 190-ஆம் ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை. வீட்டில் விழும் அடி வேலையையும் பாதிக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாக்கைத் தூக்க முடியாமல் இறங்கி வந்த அன்று அவளுக்குப் பாதிச் சம்பளம்தான். நம் நாட்டுக்காரர்கள் யாராவது எதிரே வந்தால் அதையும் சொல்.

இன்று காலையில் அவள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். வீக்கம் வடிந்திருந்தது. பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அவன் கொஞ்சம் அடங்கியிருக்கிறானாம். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. நானும் கண் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள். அந்த வரி அடைப்புக்குறிக்கு வெளியே வந்ததா என்று உடனே சொல். எந்த நேரமானாலும் போன் போடு, முழித்துத்தான் இருப்பேன்.

உன் அம்மா